சனி புகுந்த வேதக்காரர் வீடு

போன டிசம்பரில் நான் தெரிந்தே ஒரு பொய் சொன்னேன். மேடையில், மைக் பிடித்து, ஸ்லைடு போட்டுக் காட்டிச் சொன்னேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்துமஸ் கூட்டம். பிசிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன், பத்தி எழுதுகிறவன் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் எது? குருவும் சனியும் ஒட்டி நின்று ஒரே சுடராகத் தெரிந்தன, அதுதான் என்றேன். கைதட்டல்! திருநீறு பூசியவனே சொல்லிவிட்டான் அல்லவா?

உண்மை எனக்குத் தெரியும். இரண்டும் நெருங்கியது நிஜம், ஒட்டவில்லை. இடையில் இரண்டு முழுநிலாவை வைக்கலாம். எந்தக் கிரகமும் முன்னால் நடந்துபோய் ஒரு வீட்டின் மேல் நிற்காது. வால்நட்சத்திரம் என்றால்? ஊரே பார்த்திருக்கும். 'எப்போது தோன்றியது?' என்று ஏரோது ராஜா ஞானிகளைத் தனியே அழைத்து விசாரித்திருக்க வேண்டாம். நம்புகிறவருக்கு அது அற்புதம், நம்பாதவருக்குக் கதை. நடுவில் டெலஸ்கோப்பை நுழைத்தது கைதட்டலுக்காக.

கூட்டத்தில் அடுத்த தெரு தேவசகாயம் அண்ணாச்சி இருந்தார். போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். தலைமுறைகளாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; ஜாதகப் பேச்சே வீட்டில் கிடையாது. மகள் ஜெபாவுக்கு நிச்சயமாகி, சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கே அறிவித்தாயிற்று. பொங்கல் கழிந்து என்னை வழிமறித்தார்.

"சார்வாள், ஆண்டவர் பொறப்புக்கே குருவும் சனியும் சேந்துச்சுன்னு சொன்னிய. அப்பம் எம் மவளுக்கும் பாக்கணும்லா? டவுன்ல ஒரு ஜோசியர்ட்ட பாத்துட்டேன்."

"ஜோசியரா?"

"'வேதக்காரவுக வீட்டுக்கும் சனி வருவாரு வே'ன்னு சிரிக்காரு. ஏழுல சனியாம். இந்த மாப்பிள்ள ஆகாதாம். வேண்டாம்னுட்டேன்."

நான் சொன்னது தப்பு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "அப்படியா..." என்றேன்.

ஓலை வாசித்து நின்ற கல்யாணம். அப்புறம் வந்த வரன்கள் அதை விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. ஜெபா நர்ஸ். டியூட்டிக்குப் போகும்போது நான் எதிரே வந்தால் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவாள்.

போன மாதம் சாத்தான்குளம் பஸ் ஏறி, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பையனின் அப்பா காபி கொடுத்தார்.

"லேட்டா வந்துட்டியளே சார். சித்திரையிலயே பையனுக்கு முடிச்சாச்சு. இந்தக் காபி போட்டது மருமவதான்."

திரும்பி வந்து நேரே தேவசகாயம் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, நான் சொன்னது பொய். வானத்துல அது ரெண்டும் ஒட்டவே இல்ல. சனிக்கும் உங்க மவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

இந்த ஞாயிறு மறுபடி போனேன். ஜெபாதான் கதவைத் திறந்தாள்.

"அப்பா இல்லையாம்மா?"

"நீங்க சொன்னது பொய்னுட்டியள்லா சார்... அதான், இனிமே சரியாப் பாக்கணும்னு வேற ஜோசியரத் தேடி கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருக்காவ."