கோயிலுக்கு இல்லை, தீவுக்கு

பாலக்காட்டு எல்லையோர ஊரான எருத்தேன்பதியில் மூன்று கறவை மாடு வைத்திருக்கும் கமலாத்தாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. மாடு வாங்கிய பதினோரு வருஷத்தில் அவள் ஒரு பகல் முழுக்க ஊரைவிட்டு வெளியே இருந்ததில்லை. கல்யாணமோ சாவோ, காலையில் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுப் போவாள். மூன்று மணிக் கறவைக்குள் திரும்பி ஓடி வருவாள். கமலா கை பட்டால்தான் மாடு பால் விடும் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

கடமக்குடித் தீவை அவள் முதலில் பார்த்தது செல்போனில். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒற்றை ரோடு, தண்ணீருக்குள்ளேயே நெல்வயல். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதி மட்டுமே பறந்த ஊர்க்காரிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. அந்த வீடியோவில் ஒரு பெண் வாழையிலையில் கரிமீனும் மரவள்ளிக் கப்பையும் வைத்துக்கொண்டு, நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினாள். கமலாத்தாள் அதையே நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

அந்த வாரம் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. கொச்சிக்குப் பக்கத்துல ஒரு தீவு இருக்குது. வெடியால போனா அன்னிக்கே வந்தரலாம். மீனும் நண்டும் தின்னுபோட்டு, வள்ளத்துல ஒரு சுத்து சுத்திப்போட்டு வரோணும். ஆரு வாரீங்க?"

எட்டுப் பேர் கை தூக்கினார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் கமலாத்தாள் திட்டம் எழுதினாள். கொழிஞ்சாம்பாறைக்கு முதல் பஸ், அங்கிருந்து பாலக்காடு, எர்ணாகுளத்துக்கு ரயில், பிறகு தீவுக்கு பஸ். பக்கத்து வீதியில் தையல் கடை வைத்திருக்கும் வனிதா, அங்கே வீட்டிலேயே சமைத்துப்போடும் கத்தரீனா என்பவளைப் போனில் பிடித்துச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்தாள்.

மூன்றாம் நாள் குப்பண்ணன் வந்தார். கமலாத்தாளின் புருஷன் மாரப்பனுக்கு அண்ணன். கோயில் கமிட்டித் தலைவர்.

"ஏம்மா, அந்தத் தீவுல என்ன கோயில் இருக்குது?"

"விசாரிக்கலீங்க மாமா. நாங்க திங்கறதுக்குப் போறமுங்க."

"பொம்பளைங்க சோறு திங்க மூணு மணி நேரம் ரயில்ல போறதா? ஊரு சிரிக்கும். பழனிக்குப் போங்க, நானே வேன் புடிச்சுத் தாரேன்."

பொழுது சாய்வதற்குள் ஆறு பேர் பழனி வேனுக்கு மாறிவிட்டார்கள். வனிதா ஒரு குறுக்கு வழி சொன்னாள்.

"அக்கா, பேசாம குருவாயூருன்னு சொல்லிப்போடலாம். ஆருக்குத் தெரியப் போவுது?"

கமலாத்தாள் சற்று யோசிக்கத்தான் செய்தாள். சொன்னால் வேலை சுலபம்தான்.

"வேண்டாங் கண்ணு. பொய் சொல்லிப்போட்டுப் போனா அந்த நண்டு எனக்கு எறங்காது. மாடு வாங்கறதுக்கு முன்னால பழனிக்கு அஞ்சாறு தடவ போயிருக்கறேன். எதுக்குப் போறேன்னு முருகன்கூடக் கேட்டதில்ல. இவரு ஆரு கேக்கறதுக்கு?"

மறுநாள் பால் ஊற்றுமிடத்தில், வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி தேதியையும், போகுமிடத்தையும், என்னென்ன தின்னப் போகிறார்கள் என்பதையும் சத்தமாகச் சொன்னாள். மிஞ்சியது மூன்று பேர்: அவள், வனிதா, முழங்கால் வலிக்காரி சாந்தம்மாள். "நீ வள்ளத்துல ஏறிக் கிழிச்சே" என்று மகன் சொன்னதற்காகவே சாந்தம்மாள் கிளம்பியிருந்தாள்.

மாரப்பன் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்குப் பொழுதோட, மூணு மணிக்கு ஆரு கறக்கறது?"

"நீங்கதான்."

"எனக்கு எங்க தெரியுது?"

"இன்னும் பத்து நாளு கெடக்குது. பழகிக்கோங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பழகினார். இரண்டு மாடுகள் ஒத்து வந்தன. செவலை மட்டும் அவரைக் கண்டாலே காலைத் தூக்கியது.

அந்த நாளும் வந்தது. கடமக்குடியில் சாந்தம்மாளை ஏற்ற வள்ளக்காரர் கை நீட்டி, "பேடிக்கண்டா சேச்சி" என்றார். "பயமா? நீங்க புடிங்க, நான் ஏறுறேன்" என்று சாந்தம்மாள் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கமலாத்தாள் தண்ணீரில் கையை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரே உப்பு.

"இத்தன தண்ணி கெடந்து, மாட்டுக்கு ஒரு கொடம் ஆகாதே!"

கரையேறியதும் அதைக் கத்தரீனாவிடம் சொன்னாள். கத்தரீனா சிரித்தாள். குடிக்கிற தண்ணீருக்குத் தாங்களும் குழாயைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, வாழையிலையில் மடித்துச் சுட்ட கரிமீனைப் பிரித்து வைத்தாள். கப்பை, தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பு, மிளகு பிரட்டிய நண்டு. மூவரும் முழங்கை வரை வழிய வழியத் தின்றார்கள். தின்றுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குக் கத்தரீனா இன்னொரு சட்டி நண்டு கொண்டுவந்து வைத்தாள்.

மூன்று மணிக்கு மாரப்பன் போன் செய்தார்.

"செவலை ஒதைக்குது. வாளி போச்சு. நீ எப்ப வருவே?"

"ஒம்பது மணி ஆகுமுங்க. கொடியில என்ற பழைய சேலை கெடக்குது. அதச் சுத்திக்கிட்டு உக்காருங்க, வாசத்துக்கு நிக்கும்."

"சேலையா? நானா?"

"இல்லீன்னா கன்னுக்குட்டிய அவுத்து உடுங்க. ஒரு நாளைக்கு அது குடிச்சுக்கட்டும்."

போனை வைத்துவிட்டு நண்டின் ஓட்டைக் கடித்து உடைத்தாள். மனசு ஒரு கணம் தொழுவத்துக்குப் போய்விட்டு வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஊரில் நடந்ததை மறுநாள் காலை மாரப்பனே சொன்னார். சேலையைச் சுற்றிக்கொண்டு செவலையின் கீழே உட்கார்ந்திருந்தபோது குப்பண்ணன் வந்து நின்றாராம்.

"இதென்னடா கோலம்? உன்ற பொண்டாட்டி உன்ன எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கறா, பாத்தியா?"

"அவ நண்டு திங்கப் போயிருக்கறா. நான் பால் கறக்கறேன். செவலை மெரளுது, அக்கட்டால போங்கண்ணா" என்று மடியிலிருந்து கையை எடுக்காமலே சொல்லியிருக்கிறார் மாரப்பன்.

கமலாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, "எத்தன லிட்டரு வந்துச்சு?" என்றாள்.

"நாலு. ஒண்ணு சேலையில."

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, சாயங்காலக் கறவை மாரப்பனுடையது. பழனி வேனில் போன ஆறு பேரில் நாலு பேர் அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. இந்தத் தடவை ஆட்டுக்கறி நன்றாகக் கிடைக்கும் ஊராகப் பார்க்கச் சொல்லி, சாந்தம்மாள் தினமும் வந்து நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.