பவர் ஹாலிடே அன்று வந்த மாப்பிள்ளை வீட்டார்

எங்கள் அப்பா கணக்கில் புலி. மகள் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன! கல்லூரியில் பாடம் எடுத்தவர் மனநோய் வந்து வேலையை விட்டார். பிறகு வீட்டின் சிவப்புத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். அம்மா பம்பு கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து வீட்டைத் துடைக்கும்போது கணக்கு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். அந்தத் தரையில்தான் நான் கணக்குக் கற்றேன், எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கமும் வாங்கினேன்.

அப்பாவின் பெரியப்பாவுக்கும் இதே நோய் இருந்ததாம். அடுத்தது நானோ என்று சொந்தக்காரர்களுக்குப் பயம். எனக்கும்தான். மாத்திரை தப்பினால் அப்பா தமிழை விட்டு, எங்கள் ஓசூர் பக்கம் புழங்கும் கன்னடத்துக்கு மாறுவார், கண்ணுக்குத் தெரியாத யாருடனோ சண்டை போடுவார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பாரூரில் கரும்பு விவசாயம் பார்க்கும் தாய்மாமா வந்து அப்பாவைப் பின்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். "விசயம் தெரிஞ்சா எவனும் கட்ட மாட்டான்" என்று அம்மாவை மிரட்டித் தரையிலிருந்த கணக்கையும் துடைக்கவைத்தார். அம்மா துடைத்தாள். ஆனால் அப்பாவுக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுவிட்டிருந்தாள்.

"பொண்ணோட அப்பா எங்கீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

மாமாவுக்குக் கரும்பைத் தவிர ஒன்றும் தெரியாது. "கம்பெனில ஆபீசருங்க. இன்னிக்கி லீவே குடுக்கல" என்று அளந்துவிட்டார்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "இன்னிக்கு பவர் ஹாலிடேங்க. ஓசூர்ல ஒரு கம்பெனியும் ஓடாது. அதனாலதானே நாங்களே வந்திருக்கோம்!"

கரண்ட் தட்டுப்பாட்டில் வாரத்துக்கு ஒருநாள் கம்பெனிகளை மூடிய காலம் அது. மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மா குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா உள்ளதான் இருக்கார்" என்றேன். போய்க் கதவைத் திறந்தேன்.

அப்பா வந்து பாயில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த மொழியில் வாய் திறக்கப் போகிறாரோ என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு மனசுக்கு உடம்பு சரியில்லைங்க. மாத்திரை சாப்பிடறேன்" என்றார், தெளிவான தமிழில். "எம் பொண்ணுக்கு இது வரலாம், வராமயும் போலாம். கணக்கு மட்டும் கண்டிப்பா வந்திருக்கு. அதுல அவ என்னைத் தாண்டிட்டா."

வகுப்பில் நின்று பேசுவதுபோல் பேசினார். அப்படி ஒரு பெருமை எனக்குப் பதக்கம் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

கேசரி ஆறிப்போக, "சொல்லி அனுப்பறோம்" என்று அவர்கள் கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

"குடிய கெடுத்தியேடி!" என்று மாமா என்மேல் பாய்ந்தார். அம்மா இப்போது நிமிர்ந்தாள். "ண்ணா, இனிமே யாரு வந்தாலும் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடறது அவருதான். இஷ்டம் இருக்கறவங்க உள்ள வரட்டும்."

அடுத்த வருடம் வந்தவர்களை அப்பாதான் வாசலில் நின்று வரவேற்றார். அன்று தரையில் பாதிக் கணக்கு கிடந்தது, யாரும் துடைக்கவில்லை. வந்த மாப்பிள்ளை அதை மிதிக்காமல் சுற்றிப் போய் உட்கார்ந்தார். அம்மா இரவு ஷிப்ட் போகிற நாட்களில் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது இப்போது அவர்தான்.