ரூல்ஸா, கதையா?

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லி மாளாது. டீச்சர், நர்ஸ், டைலர் என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். இவள் வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கொட்டாவி விட்டுவிடுவார். ஒரு கம்பெனி கார்டு விளையாட்டு ஒன்றை அச்சடித்து விற்கிறது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு வீரனோ சூனியக்காரியோ டிராகனோ இருக்கும். களத்தில் இறக்கினால் அது என்ன செய்யும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கும். ஆடுகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கம்பெனிக்கு மெயில் போடுவார்கள். பதில் எழுதுவது இவள். "சீட்டாடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் அண்ணி கேட்டாள். அந்தச் சந்தேகம் அண்ணிக்கு இன்னும் தீரவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றால் ஜனங்கள் கத்துவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள். இல்லாத ஒரு டிராகனுக்காக வளர்ந்த மனிதர்கள் மல்லுக்கு நிற்பார்கள் என்பது இவளைக் கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் உட்கார்ந்ததும் மெயில்களை இரண்டாகப் பிரிப்பாள். ரூல்ஸ் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். "ரூல்ஸா, கதையா?" என்பது அவள் வாயிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் நான் "ஏம்மா, ஒரு கேள்வி" என்று ஆரம்பித்தாலும் தலையைத் தூக்காமல் அதையே கேட்பாள். கதைக் கேள்விகள் ஒரு தினுசு. பனிமலை ராணிக்குப் பல் வலித்தால் யாரிடம் போவாள்? டிராகன் தூங்கும்போது ஒரு கண்ணை மூடுமா, இரண்டையுமா? கதை எழுதும் பிரிவுக்குப் போன் போட்டு விசாரிப்பாள். அவர்களுக்கும் தெரியாவிட்டால், "இது இன்னும் யாருக்கும் தெரியாது" என்று எழுதிவிடுவாள். "ஏதோ ஒண்ணை அடிச்சு விடேன், டிராகனா வந்து கேக்கப்போகுது?" என்று நான் ஒருமுறை சொல்லப்போக, அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை.

ரூல்ஸ் கேள்வி என்றால் பாடு இன்னும் அதிகம். கார்டுகளை எடுத்து மேசையில் பரப்பி, ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பதில். தலைகீழாகத் தெரிந்த கார்டானாலும் கையில் எடுத்து ஒருமுறை படித்தாக வேண்டும். கார்டு இருக்கிற மேசையில் யாரும் தின்னக்கூடாது என்று தனியாக ஒரு சட்டம் வேறு. எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே மேசை. நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிடப் பழகிவிட்டேன். சொந்தக்காரர்கள் அவளை ஜட்ஜம்மா என்று கூப்பிடுவதில் தப்பே இல்லை.

திங்கட்கிழமை தவறாமல் ஒருவர் கேள்வி அனுப்புவார். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். "மாவுக் கையோட எழுதுறேன், பிழை இருந்தா மன்னிக்கணும்" என்று மெயிலை முடிப்பார். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆனாலும் இவள் முதல் பதில் அவருக்குத்தான் எழுதுவாள்.

அவர் ஒருமுறை கேட்டது இது. வாயிற்காவலன் என்று ஒரு கார்டு. எதிராளி எவ்வளவு பெரிய அடி அடித்தாலும் தடுத்துவிடுவான். ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான். தோணிக்காரி என்று இன்னொரு கார்டு. களத்தில் நிற்கும் யாரையும் அவள் நம் கைக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாள். அப்படித் திரும்பி வந்த காவலனை மறுபடி களத்தில் இறக்கினால், மறுபடி தடுப்பானா?

அன்று இவளுக்கு நல்ல காய்ச்சல். கார்டை எடுக்கவில்லை. படுத்தபடியே பதில் எழுதினாள்: தடுப்பான், திரும்பி வருகிறவன் புது ஆள். பழைய கார்டுக்கு அது சரிதான். ஆனால் புதிதாக அச்சான காவலன் கார்டில் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "போய் வந்தாலும் இவன் அதே ஆள்." புது அச்சில் இருப்பதுதான் பழைய கார்டுக்கும் சட்டம். அந்த வரியைச் சேர்க்க முடிவெடுத்த கூட்டத்தில் இவளும் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் சுத்தமாக மறந்துபோயிற்று.

பதில் கம்பெனியின் இணையப் பக்கத்தில் வெளியானது. பேக்கரிக்காரர் அதை நம்பித் தன் கார்டுக் கட்டையே மாற்றி அமைத்தார். காவலனும் தோணிக்காரியும்தான் அதற்கு உயிர். அக்கம்பக்கத்து ஆட்டங்களில் ஜெயித்து, அந்த வருடப் பெரிய போட்டிக்கும் தேர்வாகிவிட்டார். இத்தனை வருட ஆட்டத்தில் இதுதான் முதல் தடவை என்று எழுதியிருந்தார். சொந்தத் தம்பி பரீட்சையில் தேறினது போல இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருடைய திங்கட்கிழமை மெயில் வந்தது. "மேடம், புது காவலன் கார்டு இன்னைக்குத்தான் கடைக்கு வந்தது. அடியில ஒரு வரி இருக்கு. நீங்க பார்க்கலைன்னா ஒரு தடவை பார்த்துடுங்க." இவள் கார்டை எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, தப்பு பண்ணிட்டேங்க" என்றாள்.

மேனேஜர், "போட்டி முடியட்டும், அப்புறம் மெதுவா மாத்திக்கலாம். கேட்டவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது" என்றாராம். மேனேஜர்கள் சொல்வதில் எனக்கு அபூர்வமாகப் பிடித்த ஒன்று அது. "அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போகட்டுமே" என்று நானும் ஒத்து ஊதினேன்.

"அவர் ஜெயிக்கணும்னு எனக்கு இல்லாத ஆசையா? எதிர்ல உக்கார்றவங்களும் ஆடத்தானே வர்றாங்க. அவருக்கே அது தெரியுது. தெரிஞ்சதாலதான் எழுதியிருக்காரு."

மறுநாள் இணையப் பக்கத்தில் வெளியிட்டுவிட்டாள்: "காவலன் பற்றிய முந்தைய பதில் தவறு. தவறு என்னுடையது." கண்டபடி திட்டி மெயில்கள் வந்து குவிந்தன. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பேக்கரிக்காரரிடமிருந்து கேள்வி வரவில்லை. சாயங்காலம் வரை மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள்.

"ஆட்டத்தையே விட்டுட்டாரு போல" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கம்பெனி மேலும், காவலன் மேலும், தோணிக்காரி மேலும் ஆத்திரமாக வந்தது.

போட்டியில் இவள்தான் நடுவர். பெட்டி தூக்க நானும் போனேன். அந்த மண்டபத்து லிஃப்ட் ஓடவில்லை. எனக்குக் கை அரித்தது, அடக்கிக்கொண்டேன். இவள் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் எப்போது கேட்டாலும் "அப்புறம், அப்புறம்" என்றுதான் பதில்.

மதியம் கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்கினார். தாட்டியான ஆள். முன்கையில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. எதிரே ஒரு கல்லூரிப் பெண், தன் கார்டுகளை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அங்கே போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

"நான் தோத்துட்டேன் மேடம்" என்றாள் அந்தப் பெண். "என்னோட கடைசி அடி இது. இவரோட காவலன் திரும்பி வந்து நிக்கிறான், தடுத்துடுவான்."

"ஏற்கெனவே ஒரு தடவை தடுத்துட்டான் மேடம்" என்றார் அவர். "சும்மா ஆள் கணக்குக்குத்தான் திரும்ப இறக்கினேன். இந்தப் பொண்ணுக்குப் பழைய பதில்தான் தெரியும் போல. நான் சொன்னா நல்லா இருக்காது, நீங்களே சொல்லிடுங்க."

இவள் கார்டைக் கையில் எடுத்தாள். அடியில் இருந்த வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"போய் வந்தாலும் இவன் அதே ஆள்."

அந்த அடியோடு அந்தப் பெண் ஜெயித்தாள். அவர் எழுந்து அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"போன திங்கக்கிழமை எழுத முடியல மேடம். ஓவன் படுத்துடுச்சு. அதுக்குள்ளேயே தலையை விட்டுக்கிட்டுக் கிடந்தேன்."

ஓவன்! ஒரு வாரமாக எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை, காரணம் ஓவன்! சிரிப்பதா, அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கும் சேர்த்து இப்ப ஒரு கேள்வி கேக்கட்டுமா?"

இவளுக்குக் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா?

"ரூல்ஸா, கதையா?"

"ரெண்டும் இல்ல மேடம். காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களே, சாப்பிட்டீங்களா?"

கட்டின புருஷன் காலையிலிருந்து கேட்டதற்கு வராத பதில் அவருக்கு உடனே வந்தது. "இல்ல" என்றாள். அவர் தோள்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பன். கார்டு இருக்கிற மேசையாயிற்றே. மூன்று பேரும் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டோம்.