சைக்கிள் கேரியரில் வந்த துணை

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தில்லியில் நடந்து முடிந்த அடுத்த குளிர்காலம் அது. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். மோதி பாக்கில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஊரே விளையாட்டுப் பைத்தியம் பிடித்துக் கிடந்த நேரம், எங்கள் அலுவலகத்துக்கும் அது தொற்றிக்கொண்டது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே காலையில் முடிக்கும் போட்டி மார்ச்சில் நடக்கும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். டிரையத்லான் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பெண்களில் நான் ஒருத்திதான் பெயர் கொடுத்தேன். தாமிரபரணியில் நீந்திப் பழகியவள், பள்ளிக்கூடத்தில் ஓடிப் பரிசு வாங்கியவள், சைக்கிள் என்ன பெரிய பிரமாதம் என்று ஒரு திமிர். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி அந்தத் திமிரை நன்றாக இறக்கிவிட்டது.

விடிந்ததும் தௌலா குவானில் கூடுவோம். அலுவலக ஆண்கள் ஆறேழு பேர், நான் ஒருத்தி. குர்காவ் சாலையில் ஒரு டீக்கடை வரை போய்த் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் முன்னால் போகிறவர் ஒரு ஹரியானாக்காரர். எருமைப்பால் குடித்து வளர்ந்த உடம்பு. என்னைச் சகோதரி முறை வைத்து "நமஸ்தே பெஹன்ஜி" என்பதைக்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வார். நானோ அக்காவின் பழைய லேடீஸ் சைக்கிள், சல்வார் கமீஸ், அத்தானின் குரங்குக் குல்லாய் என்று ஒரு கோலத்தில் இருப்பேன்.

முதல் கொஞ்ச தூரம் அவர்களோடு போவேன். பிறகு அவர்கள் சின்னதாகி, புள்ளியாகி, பனிமூட்டத்தில் மறைந்துவிடுவார்கள். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று என்று தோன்றும். தொடை எரியும். மூக்கு ஒழுகும். அழுகையை அடக்கிக்கொண்டு தனியாக மிதிப்பேன். வாராவாரம் இதே கதை. அத்தனை ஆண்களும் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போல் ஒரே வரிசையில் எப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஒரு ஞாயிறு, டீக்கடைக்கு வெகு முன்பே வழக்கம்போல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது காலிஃபிளவர் ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னைத் தாண்டியது. முன்னால் பள்ளம் என்று அது ஓரமாக ஒதுங்கியதில் நான் அதன் பின்னால் மாட்டிக்கொண்டேன். அடுத்த நிமிடம் கால் லேசாகிவிட்டது. நான் மிதிக்கிறேனா, சைக்கிள் தானாகப் போகிறதா என்றே தெரியவில்லை. காற்றெல்லாம் அந்த டிராலியோடு நின்றுவிட்டது. அதன் நிழலிலேயே போய் டீக்கடையில் அவர்களைப் பிடித்துவிட்டேன்.

அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாதிச் சுமை குறைகிறது. நானோ அந்நிய ஆண்களின் முதுகை ஒட்டிப் போகக் கூடாது என்று, பேருந்து வரிசையில் நிற்பதுபோல, எப்போதும் இரண்டு சைக்கிள் தள்ளியே வந்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று ஹரியானாக்காரரிடம் நேராகவே கேட்டேன். மனிதர் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு, "பெஹன்ஜி, ஒரு பெண்பிள்ளையிடம் போய் எனக்குப் பின்னால் ஒட்டி வா என்று எப்படிச் சொல்வேன்? எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பார்கள்" என்றார் இந்தியில். என் மரியாதையும் அவர் மரியாதையும் சேர்ந்து என் முழங்காலைத்தான் பதம் பார்த்திருக்கின்றன.

தெரிந்துவிட்டது, அவ்வளவுதானே என்று திரும்பும்போது நெருங்கிப் பார்த்தேன். முடியவில்லை. அவர் முதுகு பக்கத்தில் வந்ததும் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. மறுபடியும் பின்தங்கி, தனியாக வீடு வந்து சேர்ந்தேன். அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "அந்த ரோட்டுல லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வாரான். இன்னொரு தடவ நீ தனியா வந்தா, சைக்கிளப் பூட்டி சாவிய நான் வச்சுக்கிடுவேன், பாத்துக்கோ." அத்தான் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த ஞாயிறு தௌலா குவானில் ஹரியானாக்காரரின் கேரியரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, மேலே ஒரு முரட்டுக் கம்பளி. அவர் மனைவியாம். என் வயதுதான் இருக்கும். தில்லிக்கு வந்து இவ்வளவு நாளாகியும் பக்கத்தில் விமானம் பார்த்ததில்லை, பாலம் விமான நிலையம் வழியாகப் போவதாக இருந்தால் வருகிறேன் என்று சொன்னாளாம். அவர் இதையெல்லாம் என்னைப் பார்க்காமலேயே சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பினார்.

வழக்கம்போல் நான் தள்ளியே போனேன். அவள் முக்காட்டை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆஜா, ஔர் பாஸ் ஆஜா" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள், இன்னும் கிட்ட வா என்று. போனேன். காற்று நின்றது. அவள் முழங்காலுக்கும் என் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. எனக்கு எத்தனை அக்கா தங்கை, மதராஸில் கோதுமை விளையுமா, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வழி முழுக்கக் கேள்வி. மூச்சு வாங்காமல் பதில் சொன்னேன் என்பதே எனக்கு ஆச்சரியம். இரட்டைப் பாரத்தை இழுத்துக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் மிதித்தார் அந்த மனிதர். மற்றவர்கள் அவர் வேகத்துக்கு இறங்கிவந்து சேர்ந்தே போனார்கள்.

பாலம் விமான நிலையத்தருகே ஒரு விமானம் தலைக்கு மேலே தாழ இறங்கியது. அவள் கேரியரிலிருந்து குதித்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்று கூட்டத்தோடு கூட்டமாக மோதி பாக் வந்தேன். அத்தான் எங்களைப் பார்த்தார், கேரியரில் இருந்தவளைப் பார்த்தார், உள்ளே போய் அக்காவிடம் காபி போடச் சொன்னார். டிகிரி காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் கஷாயம் குடித்ததுபோல் முகத்தைச் சுளித்ததைச் சொல்லிச் சொல்லி அக்கா பல நாள் சிரித்தாள்.

போட்டி வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்தாள். போட்டியன்று கேரியரில் யாரும் இல்லை. நீச்சலில் முன்னால் வந்த நான், சைக்கிளில் எவர் முதுகு என்றுகூடப் பார்க்காமல் முன்னால் போனவரை ஒட்டிக்கொண்டேன். கடைசியிலிருந்து மூன்றாவதாக ஓடி முடித்தேன். எல்லைக்கோட்டில் முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவளுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுக்க என் எதிர்க்காற்றைத் தாங்கியது அவள்தான். அதனால்தானோ என்னவோ, எங்கே யாராவது மரியாதைக்காகத் தள்ளி நின்று தனியாகத் திணறுவதைப் பார்த்தாலும், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், இன்னும் கொஞ்சம் கிட்ட வா என்று இன்றைக்கும் நானே முந்திக்கொண்டு கூப்பிட்டுவிடுகிறேன்.