பந்திப்பூரில் நான் பார்க்காத புலி

என் ஓரகத்தி மேல் எனக்கு நாலு வருசமாக வயிற்றெரிச்சல். கொழுந்தனாரின் மனைவி அவள். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள், கெட்டவளும் இல்லை. அவள் புலி பார்த்தாள், நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஊர் இண்டூரிலிருந்து வேன் பேசிக் குடும்பத்தோடு பந்திப்பூர் போயிருந்தோம். திம்பம் மலைப்பாதையிலேயே அவளுக்குத் தலைசுற்றல் ஆரம்பித்துவிட்டது. காட்டுக்குள் கூட்டிப்போகும் பஸ்ஸில் நான் முண்டியடித்து ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தேன். "பெரியவளே, அந்த எடத்தச் சின்னவளுக்கு வுடு. வாந்தி எடுத்துரப் போறா" என்றார் மாமியார். மூத்த மருமகளாக வாக்கப்பட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தேன்.

ஒரு மணி நேரமும் மான், மயில்தான். மயில் எங்கள் கடலைக் கொல்லையிலேயே மேய்கிறது, அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கடுப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவள் "அக்கா, எலுமிச்சம்பழம்" என்று முனகினாள். முகர்ந்தால் குமட்டல் அடங்கும் என்று நான்தான் கொண்டுவந்திருந்தேன். கூடை சீட்டுக்கு அடியில் இருந்தது. குனிந்து, தயிர்சாதத் தூக்கைத் தள்ளி, துண்டைத் தள்ளிப் பழத்தைத் துழாவினேன். டிரைவர் கன்னடத்தில் "நோடி, நோடி" என்றார் மெல்ல, பாருங்கள் என்று. பஸ்ஸே அந்தப் பக்கம் கழுத்தை நீட்டியது. பழத்தோடு நான் நிமிர்ந்தபோது புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாக்காம என்ன" என்றேன். குடும்பமே பார்த்த புலியை ஒரு எலுமிச்சம்பழத்துக்காகக் கோட்டை விட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

அன்றிலிருந்து காதுகுத்தோ கிடாவெட்டோ, நாலு சனம் கூடினால் போதும், மாமியார் ஆரம்பித்துவிடுவார். "அந்தப் புலி நின்னு எங்க சின்னவளப் பாத்துட்டுத்தாங்க போச்சு." அவள் தலையைக் குனிந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது என் சீட்டு. என்னைப் பார்த்திருக்க வேண்டிய புலி. கொழுந்தனார் போனில் எடுத்த படத்தில் வெறும் புதர்தான் இருக்கிறது. அதையும் என் போனுக்கு வாங்கி வைத்து, ஆள் இல்லாத நேரத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடியிருக்கிறேன். வால் நுனிகூடத் தட்டுப்படவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். மாமியார் கடைக்குப் போயிருந்தார். அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தைகிட்டச் சொல்லிராதீங்க்கா. அந்தப் புலிய நான் பாக்கவே இல்லைங்க்கா. குமட்டுதுன்னு கண்ண இறுக்கி மூடிட்டு இருந்தேன். அத்தை அவ்ளோ ஆசையாச் சொல்றப்ப இல்லைன்னு சொல்ல வாய் வரல. நீங்கதான் பாத்தீங்களே, எப்பிடிங்க்கா இருந்துச்சு?"

நானும் பார்க்கலைடி என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் நாலு வருசத்தில் முதல் தடவையாக அவள் என்னைப் பார்த்து ஏங்குகிறாள். அதைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்காரர் சொன்னது, மாமனார் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டேன். நடக்கும்போது வயிற்றுத் தோல் ஆடியதையும், முன்னங்காலைத் தூக்கியபடி ஒரு நொடி யோசித்து நின்றதையும் சொன்னேன். அவள் கையிலிருந்த காய் உரிபடாமல் அப்படியே இருந்தது.

"நீங்க குடுத்து வெச்சவங்க்கா" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி நிற்கவில்லை.

"அத்தை சொன்னது நெசந்தான் புள்ள. அது உன்னத்தான் பாத்துச்சு" என்றேன். "நீதான் கண்ண மூடிக்கிட்ட."