பதினாறாம் எண் வீட்டின் மாடிப்படி

இது நடந்தது. கதை கட்டுவதாக இருந்தால் எனக்கு நல்ல பேர் வருகிற மாதிரி கட்டியிருப்பேன். எனக்கு வந்தது கெட்ட பேர்தான்.

ஆஸ்திரேலியாவில், பாலராட் ஊரில், பழைய வீடுகளைப் பார்த்து 'இதைக் காப்பாற்றலாம், இதை இடிக்கலாம்' என்று கவுன்சிலுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. கெய்ர்ன் தெருவில் 14, 16 என்று ஒரு ஜோடி வீடு. விக்டோரியா ராணி காலத்தில், 1887இல் கட்டியது. நடுவில் ஒரே சுவர். 14இல் மாடிப்படி வலப்பக்கம், 16இல் இடப்பக்கம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இப்படிப்பட்ட ஜோடி உள்ளும் புறமும் கெடாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஒன்று போனால் மற்றதுக்கும் போச்சு.

14இல் மெர்வ் ட்ரெவின் தனியாக இருந்தார். எழுபத்து நாலு வயது, ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 16ஐ வாங்கியவர்கள் அதை இடிக்க அனுமதி கேட்டிருந்தார்கள். நடுச்சுவர் போனால் மெர்வின் வீடும் நிற்காது.

2009 ஜூலை 21, செவ்வாய்க்கிழமை. எலும்பைக் குடைகிற குளிர். 14ஐ மாடிவரை பார்த்து முடித்தேன். மெர்வ் டீயை நீட்டினார்.

"இடுப்பு ஆபரேஷன்னு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டேன். திரும்பி வந்தா வாசல்ல நோட்டீஸ். 'ஜோடி முழுசா இருக்கு'ன்னு ஒரு வரி எழுதிடு ரொவீனா."

"பாக்காம எழுத மாட்டேன் மெர்வ்."

"பாத்துட்டே எழுது. யாரு வேணாம்னா?"

நாலரைக்கு 16இன் சாவியோடு வர வேண்டிய ஏஜென்ட் வரவில்லை. போன் செய்தேன்.

"வெளிய நின்னு பாத்தே எழுதிடுங்களேன்," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். மணி 4:41.

16இன் கதவு திறந்திருந்தது.

படியின் உச்சியில் ஒரு பெண். பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. வாடகைக்கு இருப்பவள் என்று நினைத்தேன்.

"மேல வாங்க," என்றாள்.

4:43, கூடத்தைப் படம் எடுத்தேன். சுவரில் பூப்போட்ட காகிதம், நேற்று ஒட்டியது போல. ஒரு கிழிசல் இல்லை, தூசி இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு வாடை இருக்கும். இங்கே எந்த வாடையும் இல்லை.

4:46, படி. ஏறினேன். நான் போட்டிருந்தது கனமான பூட்ஸ். மரப்படியில் அது எழுப்பவேண்டிய சத்தம்... வரவில்லை.

கீழேயிருந்து காற்று வந்தது. பலகை வழியாக. ஈரமண் குளிரோடு.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். மெர்வை நினைத்து மேலே போனேன்.

4:49. மாடியில் பின்பக்க அறை. அவள் உள்ளே நின்றாள். முதுகைக் காட்டி.

"இங்கயும் பாருங்க."

காலை எடுத்து வைக்கப் போனேன்...

டக். டக். டக்.

நடுச்சுவரில். 14இன் பக்கமிருந்து.

"ரொவீனா! அங்க நிக்காத! எறங்கு!"

மெர்வின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை.

ஓடினேன்.

தெருவில் நின்றபோது 4:52. மெர்வின் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் வெட்கம். காரை எடுத்தேன்.

மறுநாள் பயம் தெளிந்தது. யாரோ வாடகைக்காரி, பின்வாசல் வழியாகப் போயிருப்பாள். 'ஜோடி முழுமையாக உள்ளது' என்று எழுதி, படங்களையும் இணைத்து அனுப்பினேன்.

செப்டம்பரில் கவுன்சிலில் விசாரணை. 16இன் வீட்டுக்காரர்களுடைய வக்கீல் எழுந்தார்.

"மே மாசமே 16க்குள்ள எல்லாத்தையும் பிரிச்சாச்சுங்க. மாடியும் கெடையாது, படியும் கெடையாது. இந்தம்மா 14ஐப் படம் எடுத்து, இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்காங்க."

சபை சிரித்தது. அவர்களிடம் தேதியோடு படங்கள் இருந்தன. பிரித்த ஆட்களே வந்து சாட்சி சொன்னார்கள். மெர்வ் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் அது. என் அறிக்கையைத் தள்ளிவிட்டார்கள். இடிக்க அனுமதி கிடைத்தது.

அன்று பிற்பகலே எனக்கும் மெர்வுக்கும் 16ஐத் திறந்து காட்டினார்கள்.

நாலு சுவர். மேலே தகரக் கூரை. கீழே மண். நடுச்சுவரில், படி இருந்த இடத்தில் சாய்வாக ஒரு கோடு. எஞ்சிய ஒரு குறுக்குச் சுவரில், பதின்மூன்று அடி உயரத்தில், பின்பக்க அறையின் வாசல் மட்டும், வெறும் ஓட்டையாக. அதற்கு முன்னால்தான் நான் நின்றிருந்தேன்.

மெர்வை வெளியே அழைத்து வந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்பீலுக்கு முப்பது நாள் இருக்கு மெர்வ். விட வேணாம்."

"விடுவேனா? பொணமாத்தான் இங்கேர்ந்து போவேன்."

"அன்னிக்கு நீங்க மட்டும் சுவத்தைத் தட்டிக் கூப்பிடலன்னா..."

"எந்தச் சுவத்தை?"

"உங்க மாடியிலேர்ந்து. எறங்குன்னு கத்தினீங்களே."



"ஆபரேஷனுக்கப்புறம் நான் மாடி ஏறினதே இல்ல. கட்டிலே கீழதான் கெடக்கு. அன்னிக்கு நீ வெளிய போனதும் மீன் வறுவல் வாங்கக் கடைக்குப் போயிட்டேன். அஞ்சரைக்குத்தான் வந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு."

தன் வீட்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அப்பீல் செய்யவில்லை. தன் வீட்டு வாசற்படியைக்கூட அவர் மறுபடி மிதிக்கவில்லை. வாசல் கேட்டிலேயே நின்று சாவியை என் கையில் வைத்தார்.

"மருந்து டப்பா சமையல் மேடையில இருக்கு. அதை மட்டும் எடுத்துக் குடும்மா."

கதவுவரை போனேன். சாவியைத் துவாரத்தில் வைத்தேன்.

கதவைத் திறக்காமலே திரும்பி வந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டேன். போகிற வழியில் புது மருந்து வாங்கிக் கொடுத்தேன்.