சும்மா நின்ற காகிதப்பூ

காகிதப்பூச் செடியின் முள் குதிகாலில் ஏறினால் முதலில் வலிக்காது. எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு மட்டும் தெரியும், அடுத்த எட்டு வைக்கும்போதுதான் உயிர் போகும், அப்புறம் அம்மா வளையலில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றித் தீக்குச்சியில் காட்டி, என் காலைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கத்தாதடா, ஊரு சிரிக்கும்" என்பாள். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. நெம்மேலிக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில், ஒரே செடியிடம் வாரம் தவறாமல் குத்து வாங்குகிறவன் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு புகழ் கிடையாது.

அந்தச் செடியைக் கொண்டுவந்தவள் அம்மா. மாமல்லபுரம் போகிற வழியில் கடலோர ரிசார்ட் ஒன்றில் அவளுக்கு "லாண்டரி" வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளைக் கொடியில் போடுகிற இடத்துக்கு எதிரே ஒரு நீளமான மதில், அந்த மதில் முழுக்க ராணிக் கலரில் காகிதப்பூ. ஒரு நாள் அங்கே செடிகளைக் கத்தரித்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து முழ நீளக் கிளை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரத் துண்டில் சுற்றிக் கையோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். கூட்டத்தில் அது யாரையோ பதம் பார்த்திருக்கிறது. "இன்னாமா, முள்ள வச்சிகினு ஜனத்துக்குள்ள நிக்கிற? அதுக்கும் சேத்து டிக்கெட் எடு" என்று கண்டக்டர் சத்தம் போட்டதை அம்மா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து, அப்புறம் சைக்கிள் மிதித்து வந்தவர், வாசல் ஓரத்தில் அம்மா குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னா செடி?"

"காயிதப்பூ."

"தலையில வைக்கறதா?"

"வைக்க மாட்டாங்க."

"கோயிலுக்குக் கொண்டும் போலாமா?"

"ஆருயா இத கொண்டும் போவாங்க?"

"அப்ப இன்னாத்துக்கு? அந்த எடத்துல முருங்க வச்சா கீரைக்காச்சும் ஆவும்."

"பாக்கறதுக்கு," என்றாள் அம்மா.

"பாக்கறதுக்கா?"

"ஆமா. காலைல போனா சாயங்காலம் வரிக்கும் அடுத்தவங்க செடியத்தான் பாத்துகினு கீறேன். என் வூட்டாண்ட எனக்குன்னு ஒண்ணு சும்மா நிக்கக் கூடாதா?"

அப்பாவைக் கஞ்சன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய அப்பாவும் அதற்கு முந்தியவர்களும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவர் களத்தில் நெல் தூற்றியவர்கள். எங்கள் பெயரில் பட்டா என்று வந்த முதல் மண் அந்த வீட்டு மனைதான். அந்த மண்ணில் நிற்கிற எதுவும் உழைக்காமல் நிற்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். வாழை நின்றது, கறிவேப்பிலை நின்றது, கத்தரி நின்றது, எல்லாம் உழைத்தன. சும்மா நின்றவை இரண்டுதான்: ஒன்று காகிதப்பூ, இன்னொன்று நான். என்னைப் பிடுங்க முடியாது என்பதால் அவர் கண் செடிமேலேயே இருந்தது. வாதம் நீண்டு, கடைசியில் அப்பாவே ஒரு தவணை சொன்னார்: "சரி, அடுத்த ஈஸ்டர் வரிக்கும் பாக்கலாம். அதுக்குள்ள பூத்துச்சுனா இருக்கட்டும். பூக்கலையா, வெட்டிட்டு முருங்கப் போத்து நட்டுடுவேன். அப்ப மூஞ்சத் தூக்கக் கூடாது." அம்மா தலையை ஆட்டினாள். செடியைக் காப்பாற்றும் பொறுப்பை நானே வலிய எடுத்துக்கொண்டேன். அதாவது, செடிக்கு ஏழரை பிடித்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்குக் குழாய் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அந்தக் குடத்துக்காகச் சண்டை போட்டு, கையில் கிடைத்த மூடியை வீசி, அப்புறம் அதே ஆட்களோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். வாசலுக்குள்ளேயே தண்ணீர் கொட்டுகிறது என்றால், அதை எதற்காவது ஊற்றாமல் எப்படி இருப்பது? காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம், நடுவில் அரிசி கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர் என்று ஊற்றினேன். அது போதாதென்று ஆட்டுப் புழுக்கையைப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டேன். எனக்குக்கூட அந்த வீட்டில் யாரும் அப்படிப் பரிமாறியதில்லை.

செடி வளர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, ராட்சசன் மாதிரி வளர்ந்தது. ஓலை வேலியைத் தாண்டி, கூரை ஓட்டைத் தொட்டு, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் கையை நீட்டியது. பச்சென்று இலை, விரல் நீளத்துக்கு முள். என் டென்னிஸ் பந்துகள் எல்லாம் அதற்குள்தான் உயிரை விட்டன. ஞாயிறு பள்ளிக்குப் போட்டிருந்த ஒரே நல்ல கால்சட்டையை அது பின்பக்கமாகப் பிடித்து இழுத்ததில், அன்றைக்கு முழுக்கச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே பைபிள் வசனம் ஒப்பித்தேன். அடக்கமான பையன் என்று டீச்சர் மெச்சினார். எல்லாம் இருந்தது, பூ மட்டும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை அம்மாவை "அண்ணி" என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் வாய்க்கு அண்ணி, தம்பி என்ற வித்தியாசம் கிடையாது. தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா அண்ணி, செடி முழுகாம கீதா? எப்ப பெத்துக்கும்?" என்பாள். அம்மா, "ஒனக்கு இன்னாடி அவசரம், ஒன்னையா மருத்துவம் பாக்கச் சொன்னாங்க?" என்று திருப்பிக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது கிளை நுனிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பாள்.

கிறிஸ்துமஸ் போனது. பொங்கல் போனது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் ஆரம்பித்தன. வழக்கம்போல அந்த வருஷமும் மிட்டாயை விடுவதாகச் சபதம் செய்து, வழக்கம்போல அந்த வாரமே முடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து காலனியின் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்துபோயிற்று. "நாளைக்கு வந்துடும்" என்று ஆரம்பித்து, வெயிலோடு வெயிலாக அது இழுத்துக்கொண்டே போனது. லாரித் தண்ணீருக்கு மறுபடி குடங்கள் வரிசையில் உட்கார்ந்தன. மறுபடி மூடிகள் பறந்தன.

நான் ஒரு சாயங்காலம் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு செடிப் பக்கம் நழுவினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"வை கீழ."

"கொஞ்சூண்டும்மா. செத்துடும்."

"மனுசனுக்கே நாக்கு வறண்டு கெடக்குது. செத்தா சாவட்டும்."

சொல்லும்போது அவள் செடியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. செம்புத் தண்ணீரைச் சிந்தாமல் குடத்தில் திரும்ப ஊற்றினாள். அதற்குப் பிறகு பின்வாசல் வழியாகவே வேலைக்குப் போய்வந்தாள். அவளைப் பார்த்து நானும் அப்பாவும் அந்த வழிக்கே மாறினோம். கன்னியம்மா அத்தைகூட வேலியோரம் வந்து பேசுவதை நிறுத்திவிட்டாள். இலைகள் சுருண்டு உதிர்ந்தன, முள் மட்டும் தனியாகத் தெரிந்தது. அப்பா யாரிடமோ சொல்லி வைத்திருந்த முருங்கைப் போத்து, நடுவதற்கென்று வெட்டிய கிளை, வந்து சேர்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தது.

பெரிய வெள்ளி முடிந்த மறுநாள், ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை, அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே தேய்த்தாள். வெட்டுகிற சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல்தான் வந்தது.

"தே, இங்க வா."

"வெட்றதுன்னா வெட்டு. என்ன இன்னாத்துக்கு கூப்புடுற?"

"வாம்மேன்றேன்."

போனோம். மொட்டையாக நின்ற கிளைகளின் நுனியெங்கும், மிளகாய் பழுக்கிறதுபோல ராணிக் கலர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பின்வாசல் வழியாகவே நடந்துகொண்டிருந்ததில், அது எப்போது தொடங்கியதென்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் லெந்து நாட்களை ஒழுங்காக உபவாசம் இருந்து முடித்தது அந்தச் செடி ஒன்றுதான்.

அப்பா அரிவாளைக் கீழே போட்டார். "சரி, பூத்துடுச்சி. இப்ப இத இன்னா பண்றது?"

"பாரு."

"பாத்துட்டேன்."

"இன்னொரு வாட்டி பாரு."

அவர் இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம் முருங்கைப் போத்தைப் பின்பக்கம் நட்டார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நல்ல பெயர் இருந்திருக்கும். மோட்டார் சரியானதும் சந்தோஷம் தாங்காமல் நான் குடம் குடமாக ஊற்ற, பூவெல்லாம் உதிர்ந்து மறுபடி இலையும் முள்ளுமாகக் கிளம்பியது. கன்னியம்மா அத்தைதான் கண்டுபிடித்தாள்: "அதுக்குத் தண்ணி காட்டாத அண்ணி, காய வுட்டாத்தான் அது சிரிக்குது." அம்மாவுக்கு விஷயம் புரிந்தது, மனசு கேட்கவில்லை. "தண்ணி இல்லன்னா ஊத்தல, சரி. தண்ணிய வூட்டுல வச்சிகினு ஒரு உசுர காயப் போடுவாங்களாடி?" என்றாள். அதனால் எங்கள் காகிதப்பூ மோட்டார் எரிந்த காலங்களில் மட்டும் பூத்தது. எங்கள் வாசலில் ராணிக் கலர் தெரிந்தாலே தெருவே, "போச்சுடா, இந்த வாட்டி எம்மா நாளோ" என்று பெருமூச்சு விடும். பூ பூத்தால் ஊர் வருத்தப்பட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்போது அந்தச் செடி இல்லை. என் கல்யாணத்துக்கு மாடி எடுத்தபோது படிக்கட்டு அந்த இடத்தில் வந்தது. ஓலை வேலியும் இல்லை, மதில்தான். கன்னியம்மா அத்தை பேச வேண்டுமென்றால் போன் செய்கிறாள். எங்கள் ஊர்க் கடற்கரையில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் நிலையம் வந்துவிட்டது. நான் படூரில் ஒரு அடுக்ககத்தில், தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் எழுந்துகொள்கிறவனாக இருக்கிறேன். பால்கனியில் ஒரு தொட்டியில் காகிதப்பூ வைத்திருக்கிறேன். ரகசியம் தெரிந்தவன் அல்லவா? மண் வெடிக்கிற வரைக்கும் காயப்போட்டு, வருஷம் முழுக்கப் பூக்கவைத்து, கீழ் வீட்டுக்காரர்கள் கேட்டால் பெரிய தோட்டக்கலை நிபுணர் மாதிரி விளக்கம் வேறு சொல்வேன்.

போன மாதம் அம்மா வந்து தங்கியிருந்தாள். பூத்துக் குலுங்கிய தொட்டியைப் பெருமையாகக் காட்டினேன். பூவைப் பார்த்தாள், அப்புறம் தொட்டிக்குள் விரலை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இருந்த நாளெல்லாம் காலையில் நான் எழுந்து வரும்போது மண் ஈரமாக இருந்தது. அவள் ஊருக்குப் போன பிறகு நானும், ஏனோ, அதைக் காயவிடவில்லை.

நேற்று போனில், "செடி எப்டி கீது?" என்று கேட்டாள்.

"பூவே இல்லம்மா. எல்லாம் எலதான். நேத்து கைல முள்ளு கூட ஏறிடுச்சி."

"நல்லாத்தான் கீது அப்போ," என்றாள்.